‘கேள்’ ஒன்று, இங்கிலீஷில் மூன்று: ஒத்த சொற்களில் சரியானதைப் பிடிப்பது எப்படி?

ஹியர், லிசன், ஆஸ்க். மூன்றுக்கும் தமிழில் ‘கேள்’தான். பெங்களூரு ஆபீஸ்களில் நம்மவர்கள் இடறுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன வார்த்தைகளில். அர்த்தத்தை மனப்பாடம் செய்து பயனில்லை, மூன்றுக்கும் ஒரே அர்த்தம்தானே எழுதியிருக்கும்!

படி 1: முதலில் தமிழில் முழு வாக்கியம்

வேற்றுமை உருபைக் கவனியுங்கள். ‘எனக்குக் கேட்குது’ என்றால் சத்தம் தானாகக் காதில் விழுகிறது: ஹியர். ‘பாட்டைக் கேட்கிறேன்’ என்றால் நாமே காது கொடுக்கிறோம்: லிசன். ‘அவரிடம் கேட்டேன்’ என்பது ஆஸ்க்.

வீடியோ மீட்டிங்கில் குரல் போய்ச் சேருகிறதா என்று பார்க்க ‘கேன் யூ ஹியர் மீ?’ போதும். ‘ஆர் யூ லிசனிங்?’ என்றால் ‘கவனம் எங்கே இருக்கு?’ என்று அதட்டுவது போலாகிவிடும்.

பார்வைக்கும் இதே கணக்கு. ‘கண்ணுக்குத் தெரியுது’ சீ, ‘அங்கே பார்’ லுக், கிரிக்கெட் மேட்ச் பார்ப்பது வாட்ச். (தியேட்டரில் படம் பார்த்ததற்கு ‘சீ’யும் சரி. ரொம்பக் கறாராக இருக்க வேண்டாம்.)

படி 2: பின்னால் ‘டு’ வருமா?

இங்கே தமிழே காலை வாரும். ‘அவரிடம்’ என்ற பழக்கத்தில் ‘ஐ ஆஸ்க்டு டு ஹிம்’ என்கிறோம். ‘டு’ வேண்டாம், ‘ஐ ஆஸ்க்டு ஹிம்’. ‘பாட்டை’ என்ற பழக்கத்தில் ‘ஐ லிசன் மியூசிக்’ என்கிறோம். அங்கேதான் ‘டு’ கட்டாயம். ‘சொல்’லுக்கும் இரண்டு உண்டு: ‘டெல் மீ’, ஆனால் ‘சே டு மீ’.

படி 3: யார் பக்கம்?

கடன் வாங்குவது பாரோ, கொடுப்பது லெண்ட். ஞாபகம் இருப்பது ரிமெம்பர், ஞாபகப்படுத்துவது ரிமைண்ட்.

படி 4: ஊர் வழக்கைப் பிரித்து வையுங்கள்

பெங்களூரில் வீட்டை ‘லீஸ்’ எடுப்பது பெரும்பாலும் நம்ம ஊர் ஒத்திதான்: மொத்தத் தொகை கொடுத்து, மாத வாடகையில்லாமல் இருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்குவது. வெளிநாட்டு மேனேஜருக்கு அந்தச் சொல் சாதாரண வாடகை ஒப்பந்தம். ‘இவருக்கு மாதாமாதம் வாடகைச் செலவு உண்டு’ என்றே எடுத்துக்கொள்வார். திரும்பக் கிடைக்கும் ‘அட்வான்ஸ்’ அவருக்கு ‘செக்யூரிட்டி டெபாசிட்’. விளக்கம் கேட்கும்போது ‘டவுட்’ என்று எழுதாதீர்கள், நம்பாமல் கேட்கிறீர்கள் என்று தோன்றும். ‘கொஸ்டின்’ என்றே எழுதுங்கள்.

‘கட்டணம்’ இன்னொரு குழி. ஆட்டோவுக்கும் மெட்ரோவுக்கும் ஃபேர், ஸ்கூலுக்கும் டாக்டருக்கும் ஃபீ, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்கு டோல்.

படி 5: இடத்துக்கு ஏற்ற மிடுக்கு

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் ஆட்சி, சட்டச் சொற்கள் ஏராளமாக பிரெஞ்சிலிருந்து வந்தன. அதனால்தான் வீட்டுக்கு ‘பை’, ஆபீஸ் காகிதத்துக்கு ‘பர்ச்சேஸ்’ என்று ஜோடிகள். நம்மிடமும் தண்ணீர், தீர்த்தம் இல்லையா? டீ ‘பர்ச்சேஸ்’ செய்தேன் என்பது ஹோட்டலில் தீர்த்தம் கேட்பது போல. லீவைக் கேட்க ‘ரிக்வஸ்ட்’ எழுதலாம். ‘டிமாண்ட்’ எழுதினால் சண்டை.

படி 6: அகராதியில் சரிபாருங்கள்

தமிழ் அர்த்தம் மட்டும் தரும் ஆப் வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மன், கேம்பிரிட்ஜ் வெளியிடும் கற்போர் அகராதிகளில் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும், பக்கத்தில் இருக்கும் ‘சி’, ‘யூ’ குறிகளையும் பாருங்கள். ‘சி’ என்றால் எண்ணலாம், ‘யூ’ என்றால் எண்ண முடியாது. ‘ஜாப்’ சி. உத்தியோகம் என்ற பொருளில் ‘ஒர்க்’ யூ. ஆக, புது வேலை கிடைத்தால் ‘எ நியூ ஜாப்’. ‘எ நியூ ஒர்க்’ அல்ல.