கொரியாவில் வார இறுதி: சனிக்கிழமையைக் கெடுக்கும் தவறுகள்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு சியோல் மெட்ரோவில் ஏறினால் முதுகுப்பையும் கைத்தடியுமாக அறுபது வயதுக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். மலை, ஆறு, விளையாட்டு மைதானம் எல்லாமே ரயில் டிக்கெட் தூரத்தில் இருக்கும் ஊர் இது. வேலைக்கும் படிப்புக்கும் வந்திருக்கும் நம்மவர்களும் ஆசையோடுதான் கிளம்புகிறார்கள். ஆனால் பலருக்கு அந்த நாள் பாதியில் கெட்டுவிடுகிறது. பெரும்பாலும் அது அன்றைக்கு நடந்த தவறால் அல்ல, செவ்வாயோ புதனோ செய்யாமல் விட்ட ஒன்றால். இங்கே ஊர் சுற்றப் பெரிய செலவு ஆகாது. முன்பதிவும் நேரக் கெடுவும்தான் எல்லா இடத்திலும் குறுக்கே நிற்கின்றன.

பெயர் ஒரே மாதிரி இல்லாதது

முதலில் இதைச் சரிசெய்யுங்கள், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். பேஸ்பால் டிக்கெட், மைதான முன்பதிவு, வாடகை சைக்கிள், பணம் கட்டும் செயலி என்று எதைத் திறந்தாலும் "போனின் இன்ஜுங்" என்ற ஆள் சரிபார்ப்பு வரும். உங்கள் பெயர், பிறந்த தேதி, கைபேசி எண் மூன்றும் தொலைபேசி நிறுவனத்தின் பதிவோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தமிழர்களுக்கு இதில்தான் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒருவருக்கு அப்பா பெயர் அந்தக் கட்டத்தில் இருக்கும், இன்னொருவருக்கு அது காலியாக இருக்கும், மூன்றாமவருக்கு இனிஷியல் ஒட்டிக்கொண்டிருக்கும். கைபேசிக் கடைக்காரர் ஒரு வரிசையில் தட்டியிருப்பார், வங்கியில் வேறு வரிசையில் பதிந்திருப்பார்கள், நீளமான பெயர் நடுவில் வெட்டப்பட்டிருக்கும்.

ஏஆர்சி கார்டில், அதாவது வெளிநாட்டவர் பதிவு அட்டையில், அச்சாகியிருக்கும் பெயர்தான் அளவுகோல். அந்தக் கார்டோடு தொலைபேசி நிறுவனத்தின் கிளைக்கே போய், பெயரின் வரிசை, இடைவெளி, பெரிய எழுத்து எல்லாம் கார்டில் இருப்பதுபோல் பதிவாகியிருக்கிறதா என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். வந்த புதிதில் பாஸ்போர்ட் எண்ணைக் காட்டி சிம் வாங்கியிருந்தால், பதிவை ஏஆர்சி எண்ணுக்கு மாற்றும் வரை சரிபார்ப்பு தோற்றுக்கொண்டே இருக்கும். மலிவு சிம் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு இன்னொன்று. சரிபார்ப்புத் திரையில் பெரிய நிறுவனத்தின் பெயரைத் தட்டிவிடுகிறார்கள். அந்த நிறுவனத்தின் கோபுரத்தில் ஓடினாலும் உங்கள் சிம் "அல்த்துல்போன்" வகை. அதற்குத் தனி வரி இருக்கும், அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கார்டை வீட்டில் வைத்துவிட்டும் கிளம்பாதீர்கள். 17 வயதும் அதற்கு மேலும் ஆன எந்த வெளிநாட்டவரும் பாஸ்போர்ட்டையோ ஏஆர்சி கார்டையோ கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வழி பார்க்க நேவர் மேப், காக்காவோ மேப் இரண்டில் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். கூகுள் மேப்பை மட்டும் நம்பிப் போய், நடைவழி காட்டாமல் நடுத்தெருவில் நின்றவர்கள் ஏராளம்.

போகும் டிக்கெட்டை மட்டும் எடுப்பது

கேடிஎக்ஸ் அதிவேக ரயிலின் டிக்கெட் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு காலை 7 மணிக்குத் திறக்கும். சனிக்கிழமை காலை காங்னுங், பூசான் போக எப்படியாவது ஓர் இருக்கை கிடைத்துவிடும். ஞாயிறு மாலை 4 மணி முதல் 8 மணி வரை சியோல் திரும்பும் வண்டிகள்தான் நிரம்பி வழியும். எனவே திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு அதற்கேற்பப் போகும் வண்டியைப் பாருங்கள். "சொல்லால்" என்ற சந்திரப் புத்தாண்டு, "சூசொக்" என்ற அறுவடைத் திருநாள் வாரங்களுக்குத் தனி முன்பதிவு நாள் அறிவிப்பார்கள். அதைத் தவறவிட்டால் அந்த வாரம் இருக்கும் ஊரிலேயே சுற்றுவது மேல்.

மலையை நேரம் பார்க்காமல் ஏறுவது

சியோலில் இருப்பவர்கள் முதலில் ஏறுவது புகான்சான். அதன் உச்சியான பெகுன்டே 836 மீட்டர்தான். கொடைக்கானலைப் பார்த்தவர்களுக்கு அந்த எண் சிறிதாகத் தெரியும், அதுவே ஆபத்து. கடைசிப் பகுதி முழுக்க வழுவழுப்பான கருங்கல் பாறை. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிரில் இறங்குபவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டு ஏற வேண்டும். உய் பக்கம் மலையடிவார மையத்திலிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர், பழகாதவர்களுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். புகான்சான் உய் ரயில் நிலையத்திலிருந்து அந்த மையத்துக்குப் போகவே ஏறக்குறைய இன்னும் அவ்வளவு தூரம் சாலையில் நடக்க வேண்டும். பலர் கணக்கில் விடுவது இந்தப் பகுதியைத்தான்.

தேய்ந்த அடிப்பாகம் உள்ள ஓட்டக் காலணியோடு போகவே போகாதீர்கள். பாறையில் பள்ளமோ படியோ இல்லாத இடங்களில் உங்களைத் தாங்குவது ரப்பரின் பிடிப்பு மட்டும்தான். காலணி வாங்கும் முன் ஒருமுறை ஏறிப் பார்க்க நினைத்தால், உய் ரயில் நிலையத்துக்கு அருகே சியோல் நகரம் நடத்தும் மலையேற்றச் சுற்றுலா மையத்தில் வாடகைக்குக் கிடைக்கும். பருத்தி டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் வேண்டாம். வியர்வையில் நனைந்த பருத்தி உச்சிக் காற்றில் காயாது, பத்து நிமிடத்தில் உடம்பு நடுங்க ஆரம்பிக்கும்.

தேசியப் பூங்கா மலைகளில் இரவு ஏற்றத்துக்குத் தடை உண்டு. நவம்பர் கடைசியில் சியோலில் மாலை 5.15-க்குச் சூரியன் மறைந்துவிடும். மரங்களுக்குள் அதற்கு அரை மணி முன்பே இருட்டிவிடும். உச்சியில் இருக்க வேண்டிய நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பகல் 1 மணிக்குள் உச்சியைத் தொட முடியவில்லை என்றால் இருக்கும் இடத்திலிருந்தே திரும்புங்கள். வார இறுதியில் உச்சிக் கொடிக்குப் பக்கத்தில் படம் எடுக்க வரிசை நிற்கும், அந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜேஜு தீவின் ஹல்லாசானில் கெடு இன்னும் கறார். 1,947 மீட்டர் உச்சிக்குப் போகும் சொங்பானாக், குவானும்சா இரு பாதைகளுக்கும் இணையத்தில் முன்பதிவு வேண்டும். கட்டணம் கிடையாது, நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு. சொங்பானாக் வழியில் நடுவில் இருக்கும் ஜின்தல்லேபாத் கூடத்தைக் குறித்த நேரத்துக்குள் தாண்டாவிட்டால் மேலே விடமாட்டார்கள். குளிர்காலத்தில் அந்தக் கெடு இன்னும் முன்னதாக வரும். விமானத்தில் காலையில் இறங்கி நேராக மலைக்குப் போகலாம் என்று திட்டம் போடுபவர்கள் அங்கேயே திரும்ப வேண்டியிருக்கும். முந்தைய இரவே தீவில் தங்கிவிடுங்கள்.

டிசம்பர் முதல் மார்ச் வரை பையில் "ஐஜென்" இல்லாமல் மலைக்குப் போகக்கூடாது. காலணிக்கு அடியில் மாட்டும் முள் சங்கிலி அது. அடிவாரம் காய்ந்திருக்கிறது என்று ஏமாந்துவிட வேண்டாம். தெற்குச் சரிவில் வெயில் பட்டுப் பாதை காய்ந்திருக்கும், வடக்குச் சரிவில் அதே நாள் கண்ணாடிபோல் பனி உறைந்திருக்கும். பனி தெரிந்ததும் இரண்டு காலிலும் மாட்டுங்கள், வெறும் பாறை வந்ததும் கழற்றுங்கள். பாறையில் முள்ளோடு நடந்தால் வழுக்கும். வசந்தத்திலும் இலையுதிர் கால முடிவிலும் காட்டுத்தீ அபாயத்துக்காகப் பல பாதைகளை மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் பூங்காத் தளத்தில் பாதையின் பெயரைப் போட்டுப் பாருங்கள். லைட்டர், கேஸ் அடுப்பு கொண்டுபோகக் கூடாது. உச்சியிலும் தங்கும் கூடங்களிலும் மது அருந்த 2018 முதல் தடை.

ஒரு பழக்கத்தை மட்டும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். பாதை ஓரத்தில் சில நூறு மீட்டருக்கு ஒரு கம்பம் நிற்கும், அதில் மலையின் பெயரும் இரண்டு எண்களும் எழுதியிருக்கும். கடந்து போகும்போதெல்லாம் அதைக் கைபேசியில் படம் எடுங்கள். கால் சுளுக்கி உட்கார்ந்துவிட்டால் 119-ஐ அழைத்து அந்த எண்ணைச் சொன்னால் போதும், மீட்புக் குழு நேராக அங்கே வரும். "ஒரு பெரிய பாறைக்குப் பக்கத்தில்" என்று சொன்னால் அந்த மலையில் அப்படி ஆயிரம் பாறைகள் இருக்கின்றன. பேச மொழி தடுமாறினால் 119-இல் மொழிபெயர்ப்பு உதவி கேட்கலாம்.

பேஸ்பால் பார்க்க வாயிலில் டிக்கெட் தேடுவது

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கொரிய பேஸ்பால் மைதானம் சட்டென்று பிடித்துப்போகும். மார்ச் கடைசியில் தொடங்கி இலையுதிர் காலம் வரை 10 அணிகள் ஆடும், திங்கள்கிழமை ஆட்டம் இருக்காது. சனி மாலை 5 மணி, ஞாயிறு பகல் 2 மணி என்பது வழக்கம். கோடையில் மாலைக்குத் தள்ளிப்போகும். 2024-இல் ஒரு பருவத்துக்கான பார்வையாளர் எண்ணிக்கை முதல் முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. அதிலிருந்து வார இறுதி டிக்கெட் வாயிலில் கிடைக்கும் என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டியதுதான். சொந்த மைதான அணியைப் பொறுத்து நோல் டிக்கெட் (முன்பு இன்டர்பார்க்), டிக்கெட்லிங்க் போன்ற தளங்களில் ஒரு வாரம் முன்பு விற்பனை திறக்கும், அதற்கும் முன்பே உறுப்பினர்கள் எடுத்திருப்பார்கள். கிடைக்கவில்லை என்றால் இரட்டை விலைக்கு விற்பவரிடம் போகாதீர்கள். ஆட்டத்துக்கு முந்தைய இரவும் அன்று காலையும் ரத்தான இருக்கைகள் தளத்துக்குத் திரும்பி வரும், பொறுமையாகப் பார்த்தால் ஒன்றிரண்டு சிக்கும்.

இருக்கை எடுக்கும்போது பக்கம் முக்கியம். சியோலின் ஜாம்சில் மைதானத்தில் முதல் பேஸ் பக்கம் சொந்த அணி ரசிகர்கள், மூன்றாம் பேஸ் பக்கம் வந்த அணியினர். குவாங்ஜு, தேகு மைதானங்களில் இது தலைகீழ். ஆதரவுக் குழு மேடைக்கு முன்னால் டிக்கெட் எடுத்துவிட்டால் மூன்று மணி நேரமும் எழுந்து நின்று பாட வேண்டியிருக்கும். அதுதான் இந்த ஆட்டத்தின் உயிரே என்றாலும், கைக்குழந்தையோடு போனால் அங்கே உட்காராதீர்கள். வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம். கேன், கண்ணாடிப் பாட்டில், ஒரு லிட்டருக்கு மேல் உள்ள பிளாஸ்டிக் பாட்டில் ஆகியவற்றை வாயிலிலேயே எடுத்துவிடுவார்கள். மழையில் ஐந்து இன்னிங்ஸ் முடியும் முன் ஆட்டம் நின்றால் பணம் திரும்பும், முடிந்துவிட்டால் திரும்பாது.

நீச்சல் குளத்திலும் பேட்மின்டன் அரங்கிலும்

பொது நீச்சல் குளத்தில் தொப்பி இல்லாமல் இறங்க முடியாது. தொளதொள ஷார்ட்ஸும் டி-ஷர்ட்டும் பெரும்பாலும் அனுமதியில்லை. பயிற்சி வகுப்பு இல்லாதவர்கள் "சாயு சுயோங்" என்ற பொது நேரத்துக்குத்தான் வர வேண்டும். பல குளங்களில் 50 நிமிடம் நீச்சல், 10 நிமிடம் ஓய்வு என்று மணி அடிப்பார்கள். நம்மவர்கள் தயங்குவது குளியலறையில். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி, ஆனால் உள்ளே தடுப்பு இருக்காது. நீச்சலுடையோடு நேராகக் குளத்துக்குப் போவதுதான் இங்கே அநாகரிகம். உடையில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்த பிறகே நீச்சலுடையை மாட்ட வேண்டும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, இரண்டாம் முறை போகும்போது கூச்சம் போய்விடும்.

பேட்மின்டனுக்குத் தெருவில் போட்ட காலணியோடு அரங்குக்குள் கால் வைக்காதீர்கள். தரையில் கறை விடாத உள்ளரங்கக் காலணியைப் பையில் கொண்டுபோய் வாசலில் மாற்ற வேண்டும். காலை, மாலை நேரங்களைப் பெரும்பாலும் உள்ளூர் மன்றங்கள் எடுத்திருக்கும். ஒருநாள் கட்டணத்தில் ஆட எந்த நேரம் திறந்திருக்கும் என்று கேட்டுவிட்டுப் போங்கள். மன்றத்தாரோடு ஆட அழைத்தால் புதிய இறகுப் பந்தை நீங்களும் எடுத்துவைப்பது மரியாதை.

ஆற்றங்கரையும் வண்டியும்

ஹான் ஆற்றுப் பூங்காக்களில் நிழல் கூடாரம் குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான். 2 மீட்டருக்கு 2 மீட்டர் அளவுக்குள், குறைந்தது இரண்டு பக்கம் திறந்து, பலகையில் எழுதிய நேரத்துக்குள் கழற்றிவிட வேண்டும். சமையல் கூடாது. நகர சைக்கிளான தருங்கியைத் திருப்பிவிடும்போது பூட்டு விழுந்ததா, செயலியில் "திரும்பியது" என்று வந்ததா என்று பார்த்த பிறகே நகருங்கள். சும்மா நிறுத்திவிட்டுப் போனால் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். நின்றபடி ஓட்டும் மின் கிக்போர்டுக்கு 2021 மே முதல் ஓட்டுநர் உரிமம் கட்டாயம். உரிமமில்லாமல் ஓட்டினால் 1,00,000 வான், தலைக்கவசம் இல்லையென்றால் 20,000 வான் அபராதம்.

வசந்தத்தில் வெளியே ஓடும் முன் காற்றைப் பாருங்கள். பிஎம் 2.5 என்ற நுண்தூசியின் அளவு 36-ஐத் தொட்டால் இங்கே "மோசம்" என்ற வகை. 76-ஐத் தொட்ட நாளில் ஆட்டத்தை உள்ளரங்கத்துக்கு மாற்றுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் கடையில் கிம்பாப் (கடற்பாசியில் சுருட்டிய சோறு) காய்கறிதான் என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள். உள்ளே ஹேம் என்ற பன்றி இறைச்சியோ மீன் கேக்கோ இருக்கும். கண் முன் சுருட்டும் கடையில் "ஹேம், ஓமுக் பே ஜுசெயோ" (ஹேமும் மீன் கேக்கும் வேண்டாம்) என்று சொல்லி வாங்குங்கள். மலையடிவாரக் கடைகளில் காட்டுக்கீரை போட்ட சான்சே பிபிம்பாப் என்ற கலவைச் சோறு நம் நாக்குக்கு ஒத்துவரும், அங்கே "கோகி பே ஜுசெயோ" (இறைச்சி வேண்டாம்). முட்டையும் வேண்டாமென்றால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கையில் எலுமிச்சைச் சாதம் கட்டிப் போனால் குப்பைப் பையும் சேர்ந்தே போகட்டும், மலைகளில் குப்பைத்தொட்டி கிடையாது.

கிரிக்கெட்டுக்கு இடம் தேடுபவர்களுக்கு

காலியாகத் தெரியும் புல்வெளியில் ஸ்டம்ப் நட்டுவிடாதீர்கள். நடப்பவர்களும் குழந்தைகளும் குறுக்கே வரும் இடத்தில் டென்னிஸ் பந்துகூடக் கண்ணைக் காயப்படுத்தும், புகார் வந்தால் அந்த இடமே பிறகு கிடைக்காது. 2014 ஆசிய விளையாட்டுக்காக இஞ்சோனில் கட்டிய யோன்ஹுய் மைதானம் முறையான ஆடுகளம். இலங்கை ஆண்கள் அணி தங்கம் வென்றது அங்கேதான். வழக்கமான ஞாயிறு ஆட்டத்துக்கு சியோல் நகரின் பொதுச் சேவை முன்பதிவுத் தளத்தில் விளையாட்டு மைதானங்களைத் தேடுங்கள். விண்ணப்பத்தில் கிரிக்கெட் என்று உண்மையாக எழுதி, மென்பந்து என்பதையும் ஆட்களின் எண்ணிக்கையையும் குறிப்பிட்டு, பந்து வேலி தாண்டுமா என்று மைதானக் காவலரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பதிவு செய்தவர் ஏஆர்சி கார்டோடு நேரில் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் என்றால் கடைசிப் பத்து நிமிடம் பொருள்களை அள்ளிக்கொண்டு வெளியேறுவதற்கு, ஏனென்றால் அடுத்த குழு வேலிக்கு அந்தப் பக்கம் காத்து நிற்கும்.