ஈஸ்டர் விடுமுறையில் முதல் மலைநடை: டர்பன் குடும்பங்களுக்கு ஒரு நான்கு நாள் திட்டம்

டர்பனிலிருந்து காரில் மூன்று மணி நேரம் போனால் டிராக்கன்ஸ்பெர்க் என்ற 3,000 மீட்டர் உயர மலைச்சுவர் நிற்கிறது. இருந்தும் விடுமுறை வந்தால் நம் வீடுகளில் பெரும்பாலும் கடற்கரைதான், இல்லையென்றால் மால். மலை ஏறிப் பழக்கமில்லாதவர்களும் இந்த பெர்க்கை (நாம் சுருக்கமாக அப்படித்தான் சொல்வோம்) நன்றாகப் பார்த்துவிட்டு வரலாம். எதை எந்த நாளில் வைப்பது என்று மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

1. நாளை முடிவு செய்யுங்கள்

நமக்கு மார்ச் முதல் மே வரை இலையுதிர்காலம். கோடையில் பெர்க்கில் மதியத்துக்கு மேல் இடிமழை அடிக்கடி வரும். ஏப்ரலில் அது குறைந்துவிடும், ஆனால் அருவிகளில் தண்ணீர் இன்னும் இருக்கும். ஜூன், ஜூலையில் வானம் தெளிவாக இருந்தாலும் குளிர் கடுமை, அருவியும் மெலிந்துபோகும். அதனால் முதல்முறை போகிறவர்களுக்கு என் ஓட்டு ஈஸ்டருக்குத்தான். புனித வெள்ளியில் தொடங்கி, குடும்ப நாளான திங்கள் வரை நான்கு நாள் சேர்ந்து கிடைக்கும். அது முடியாதென்றால் ஏப்ரல் 27 (சுதந்திர தினம்) அல்லது மே 1 (தொழிலாளர் தினம்) வெள்ளியிலோ திங்களிலோ விழுகிற ஆண்டில் மூன்று நாள் கிடைக்கும். அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், எனவே ஜனவரியிலேயே சொல்லி வையுங்கள்.

இரண்டு இரவு பெர்க்வில் பக்கம், மூன்றாவது இரவு காம்பெர்க் அல்லது நாட்டிங்ஹாம் ரோடு பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

2. வெள்ளி: முதலில் கோயில்

காலையில் இசிபிங்கோ ரெயில் என்ற இடத்தில் உள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். புனித வெள்ளியில் அங்கே கூடுகிற கூட்டத்தை ஒரு முறையாவது பார்க்க வேண்டும். கரும்புத் தோட்டங்களில் கூலிக்கு இருந்த நம் முன்னோர்களுக்கு அன்றுதான் விடுமுறை கிடைத்தது, அம்மனுக்கு அந்த நாளே வாய்த்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். விடியும்போதே போய்விட்டால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். சாமி வந்து ஆடுகிறவர்களைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள்: உடம்பு முன்னால் வளைவது, கால் பின்னிக்கொள்வது, பக்கத்தில் இருப்பவர் தாங்கிப் பிடிப்பது. திங்கட்கிழமை இது உங்களுக்கு வேண்டியிருக்கும்.

மதியம் ஒரு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். ஈஸ்டரில் என்3 நெடுஞ்சாலை நெரிசல் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். அது பெரும்பாலும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கடலுக்கு இறங்கி வருகிற கூட்டம். நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்கள். திங்களன்று அவர்கள் மேலே ஏறும்போது நீங்கள் கீழே இறங்குவீர்கள். விண்டர்டன், பெர்க்வில் வழியாகப் போகும் சாலையில் பள்ளங்கள் உண்டு, மாடுகளும் குறுக்கே வரும். ஆறு மணிக்கு இருட்டிவிடும் என்பதால் அதற்குள் போய்ச் சேருவது முக்கியம். பெட்ரோலைப் பெர்க்வில்லிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

3. பையில் என்ன

விலை உயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே போட்டுப் பழகிய, அடியில் பிடிப்புள்ள ஷூ, மழைக்கோட்டு, ஒரு ஜெர்சி, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். பகலில் டி-ஷர்ட் சரியாக இருக்கும், இரவில் கம்பளி கேட்கும். மலேரியா மாத்திரை தேவையில்லை, பெர்க்கில் மலேரியா கிடையாது.

சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு வைத்த ரோட்டி ரோல்தான் என் கட்சி. கிழங்கைத் தண்ணீர் சுண்டும்வரை வதக்கி, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, நன்றாக ஆறவிட்டு அதற்கப்புறம் சுருட்டுங்கள். சூடாகச் சுருட்டினால் ஆவி இறங்கி ரோட்டி பிய்ந்துவிடும். புளிச்சோறும் நன்றாகத் தாங்கும். பையைத் திறந்தபடி பாறையில் வைக்காதீர்கள், பபூன்கள் இருக்கின்றன.

4. சனி: துகேலா பள்ளத்தாக்கு நடை

ராயல் நாட்டல் பூங்காவில் இருக்கிறது இந்தப் பாதை. போக வர சுமார் 14 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் ஆறு மணி நேரம். தூரத்தைக் கேட்டு மலைக்காதீர்கள், பெரும்பகுதி மெதுவான ஏற்றம்தான்.

காலை ஏழு மணிக்குள் நடக்கத் தொடங்குங்கள். கிளம்புமுன் மலைப் பதிவேட்டில் எல்லோர் பெயரும், போகிற பாதையும், திரும்பும் நேரமும் எழுதுங்கள், வந்ததும் மறக்காமல் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் திரும்பவில்லை என்று தெரிந்தால்தான் யாராவது தேடி வருவார்கள்.

பாதை கொஞ்ச தூரம் புல்வெளியில் போகும், அப்புறம் மரநிழலில் நுழையும். வெயில் விழும் இடங்களில் முன்னால் நடப்பவர் தரையைப் பார்த்தே நடக்க வேண்டும். பஃப் ஆடர் என்ற விரியன் பாதையிலேயே அசையாமல் படுத்துக் குளிர்காயும், காலடிச் சத்தம் கேட்டாலும் நகராது. கண்டால் நின்று, தள்ளிச் சுற்றிப் போனால் போதும்.

கடைசிப் பகுதியில் ஆற்றுப் படுகையில் பாறை மேல் பாறையாகத் தாவ வேண்டும். முடிவில் ஆறு குடைந்த ஒரு குகைவழி, பக்கத்திலேயே ஒரு சங்கிலி ஏணி. ஏணி பயமாக இருந்தால் ஏறவே வேண்டாம். ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள ஆம்பிதியேட்டர் மலைச்சுவர் பள்ளத்தாக்கிலிருந்தே தெரிகிறது. 948 மீட்டர் உயரத்திலிருந்து ஐந்து தாவலாக விழும் துகேலா அருவி அந்தச் சுவரில் வெள்ளைக் கோடாகத் தொங்கும். உலகின் மிக உயரமான அருவிகளில் ஒன்று இது.

நடு மதியம் பன்னிரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். மேகம் கறுத்தாலும் அப்படியே, பன்னிரண்டுக்குக் காத்திருக்க வேண்டாம். மழை பெய்தால் ஆறு சட்டென்று ஏறும்.

அந்த அருவியின் உச்சிக்கே போகும் சென்டினல் பாதையை அடுத்த ஆண்டுக்கு வையுங்கள். அங்கே ஏணிகள் நீளமானவை.

5. ஞாயிறு

கால் வலிக்கும். தாமதமாக எழுந்து, மெதுவாகக் காம்பெர்க் பக்கம் வண்டியை விடுங்கள். வழியில் சாலையோரம் அமதூம்பே விற்றால் ஒரு பை வாங்கிப்போடுங்கள். நம்ம சேப்பங்கிழங்குதான், இரவில் வேகவைத்து உப்பும் மிளகாயும் தொட்டுச் சாப்பிடலாம்.

6. திங்கள்: பாறை ஓவியம்

இந்தப் பயணத்தில் விட்டுவிடவே கூடாதது இது. காம்பெர்க்கில் கேம் பாஸ் என்ற பாறைக்குடைவில் இந்த மண்ணின் பழங்குடியான சான் மக்கள் வரைந்த ஓவியங்கள் உள்ளன. வழிகாட்டி இல்லாமல் போக முடியாது, அதனால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். போக வர ஏறக்குறைய மூன்று மணி நேரம், கடைசியில் மட்டும் கொஞ்சம் செங்குத்து.

அங்கே ஒரு ஈலண்ட் மான் சாகிற நிலையில் வரையப்பட்டிருக்கும். தலை தாழ்ந்து, மயிர் சிலிர்த்து, பின்னங்கால்கள் பின்னிக்கொண்டு நிற்கும். அதன் வாலைப் பிடித்தபடி ஒரு மனித உருவம், அதற்கும் கால்கள் அதே மாதிரி பின்னியிருக்கும். இது வேட்டைக் காட்சி அல்ல, நடனமாடி ஆவேச நிலைக்குப் போகும் சான் பூசாரிகளைப் பற்றியது என்று டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் விளக்கினார். வெள்ளிக்கிழமை கோயிலில் பார்த்ததை இங்கே நினைத்துப் பாருங்கள். சாமியாடுவதைச் சிறு வயதிலிருந்து பார்த்த நமக்கு இந்தப் படம் சட்டென்று பிடிபடும், பிள்ளைகளுக்கும் எளிதாகச் சொல்லிக்கொடுக்கலாம். ஓவியத்தைத் தொடாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், பிளாஷ் போடாதீர்கள்.

7. திரும்பும் வழியில்: பன்னி சௌ

வெள்ளியன்று விரதம் இருந்தவர்கள் இதற்குள் மட்டன் கேட்பார்கள். டர்பன் வந்ததும் ஆளுக்கு ஒரு குவார்ட்டர் பன்னி சௌ (கால் ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பியது) சொல்லுங்கள், சைவக்காரர்களுக்கு பீன்ஸ். ஸ்பூன் வேண்டாம். மேலே வைத்திருக்கும் ரொட்டித் துண்டை முதலில் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுங்கள், பிறகு மேல் விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றிப் பிய்த்துக்கொண்டே இறங்குங்கள். பக்கத்தை முதலில் பிய்த்தால் குழம்பெல்லாம் மடியில். விடுமுறை நாளில் சில கடைகள் சீக்கிரம் மூடிவிடும், நாட்டிங்ஹாம் ரோடு தாண்டும்போதே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.