குன்னூரில் 650-க்கு ஏறாத முள்

குன்னூரில் ஒரு தேயிலை பேக்கிங் கூடத்தில், டேங்க்கிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் பம்ப் இராப்பகலாக நிற்காமல் ஓடியது. சென்னையில் பூட்டிச் சரிபார்த்து அனுப்பிய செட், டேங்க்கோடு. பம்புக்குள் சுழலும் தகடுகளை (வேன்) மாற்றினோம், ஆயிலை மாற்றினோம், ஜாயிண்ட் ஜாயிண்டாகத் தடவிப் பார்த்தோம். வெளிக்காற்றைவிட உள்ளே அழுத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மில்லிமீட்டரில் காட்டும் கேஜில் முள் 590-ஐத் தாண்டவில்லை. பம்பில் ஒரு குறையும் இல்லை. சுவிட்சில் கட்-ஆஃப், அதாவது பம்ப் தானாக நிற்க வேண்டிய அளவு, 650 என்று வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் அது ஏறக்குறைய 607, ஊட்டியில் 580. இருக்கிற காற்றைத்தானே வெளியே எடுக்க முடியும்? சென்னையில் முள் 650 காட்டும்போது டேங்க்கில் மிச்சம் 110. அதே 110 மிச்சமாக இங்கே முள் 497-க்கு வந்தால் போதும். 500-ல் கட்-ஆஃப் வைத்தோம், சில நிமிடங்களில் பம்ப் நின்றது. அந்த அமைதியைக் கேட்க இரண்டு வாரம் ஆகியிருந்தது. பாக்கெட்டுக்கு இந்தக் கணக்கு சரி. பொருளைப் பிடித்துத் தூக்கும் சக்ஷன் கப்புக்கு மலையில் பிடிமானமே குறையும். பெரிய கப்தான் போட வேண்டும்.

கையில் கிடைத்த டிரம்மை டேங்க்காக மாட்டாதீர்கள். உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தைத் தாங்குகிற தகடு, வெளியிலிருந்து நசுக்குவதையும் தாங்கும் என்று நம்ப முடியாது.

மழைக்காலத்தில் கரன்ட் போவது இங்கே புதிதல்ல. பம்புக்கும் டேங்க்குக்கும் நடுவே என்ஆர்வி (ஒருவழி வால்வு) இல்லையென்றால், பம்ப் நின்ற நொடியில் அதன் ஆயில் டேங்க்குக்குள் இழுபடும்.

அப்புறம் மூடுபனி. ஈரக்காற்று பம்ப் ஆயிலில் கலக்கும். ஆயில் லேசாக மங்கினால், உறிஞ்சும் பக்கத்து வால்வை மூடி, ஈரத்தை வெளியேற்ற பம்புக்குள் கொஞ்சம் காற்றை விடும் கேஸ் பேலஸ்ட் வால்வைத் திறந்து அரை மணி நேரம் ஓட விடுங்கள். பால் போல வெளுத்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். டேங்க் அடியில் தேங்கும் தண்ணீரை வேக்யூம் இருக்கும்போதே வடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. வால்வைத் திறந்தால் உஸ்ஸென்று காற்றுதான் உள்ளே போகும், சொட்டுத் தண்ணீர் வராது. வால்வை மூடி டேங்க்கை லைனிலிருந்து துண்டித்து, காற்றை உள்ளே விட்டு, பிறகு வடியுங்கள்.

லீக் தேட சோப்பு நுரை தடவுவதும் வீண். நுரை குமிழாது, உள்ளே இழுபடும். பம்பை நிறுத்தி, வால்வை மூடி, முள் நிற்கும் இடத்தில் கேஜ் கண்ணாடிமேல் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பத்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள், முள் கோட்டிலிருந்து இறங்கியிருந்தால் லீக் இருக்கிறது.