சொந்தமாக அலைன்மெண்ட் செய்பவர்கள் போல்ட் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு வாசலிலேயே காரின் அலைன்மெண்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களை, சரிசெய்து பார்க்கும் ஆர்வம் நல்லதுதான். நூல் கட்டி டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) அளப்பதும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருப்புவதும் பொறுமை இருந்தால் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைகள். கோணம் கொஞ்சம் தவறினால் டயர் தேயும், அவ்வளவுதான். அந்தக் கோணத்தைப் பிடித்து நிறுத்தும் போல்ட் தவறினால், வேலூரை அடுத்த பள்ளிகொண்டா தாண்டி நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஸ்டீயரிங் சொல்வதைச் சக்கரம் கேட்காது. ஆகவே கருவிகளுக்குச் செலவிடும் கவனத்தில் பாதியையாவது போல்ட், நட், வாஷருக்குக் கொடுங்கள்.

வேலூரின் சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் தெருவோரம் நிற்கும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கம்பெனி கொடுத்திருக்கும் சரிசெய்யும் வசதி முன்சக்கர டோ ஒன்றுதான். கேம்பரை (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) மாற்ற வேண்டுமென்றால், அதிர்வு தாங்கும் ஸ்ட்ரட்டையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் இடத்தில் கைவைக்க வேண்டும். பெரிய தவறுகள் நடப்பது அங்கேதான்.

கழற்றிய பழைய போல்ட்டை எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போய், “அண்ணா, இதே தடிமனில் ஒன்று கொடுங்கள்” என்று கேட்பது முதல் தவறு. தடிமனும் நீளமும் பொருந்திவிடும். வலிமை பொருந்தியிருக்கிறதா என்பது தலையைப் பார்த்தால்தான் தெரியும். தலையில் 8.8, 10.9 என்று எண் பொறித்திருப்பார்கள். புள்ளிக்கு முந்தைய எண்ணை நூறால் பெருக்கினால், போல்ட் அறுந்துபோகும் இழுவிசை மெகாபாஸ்கலில் கிடைக்கும். இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கி, மேலும் பத்தால் பெருக்கினால், அது நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு வரும். 8.8-க்கு அந்த அளவு 640, 10.9-க்கு 900. கார் கம்பெனி 10.9 போட்ட இடத்தில் 8.8 போட்டால் அந்த அளவில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடுகிறது. எண்ணே இல்லாத போல்ட் கேட் மாட்டவும் தகரக் கொட்டகை போடவும் உதவும், சஸ்பென்ஷனுக்கு வேண்டாம். நட்டுக்கும் தரம் உண்டு. 10.9 போல்ட்டுக்கு 10 என்று குறித்த நட் வேண்டும்.

ஸ்ட்ரட்டும் நக்கிளும் ஒன்றையொன்று நகராமல் அழுத்திக் கிடப்பதற்குக் காரணம் போல்ட்டின் இறுக்கம். இறுக்கும்போது போல்ட் இம்மியளவு நீள்கிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த விசைதான் இரண்டு பரப்புகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. இறுக்கம் குறைந்தால் பரப்புகள் வழுக்கும், கேம்பர் மாறும், ஒவ்வொரு பள்ளத்திலும் போல்ட் வளைந்து நிமிரும். கடைசியில் எச்சரிக்கையே இல்லாமல் முறியும். தண்டு முழுக்க மரை வெட்டிய போல்ட்டை, நடுவில் மரையில்லாத தண்டு இருந்த இடத்தில் போடக்கூடாது என்பதும் இதனால்தான். மரையின் பள்ளம்தான் விரிசல் தொடங்கும் இடம்.

துருப்பிடிக்காது என்று எவர்சில்வர் போல்ட் வாங்குகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 வகை 450 மெகாபாஸ்கலிலேயே நீளத் தொடங்கிவிடும். இறுக்கும்போது மரையோடு மரை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் தொல்லையும் உண்டு. எதிர்ப்பக்கமாக, 10.9-ஐவிட 12.9 மேல் என்று நினைத்துப் போடுவதும் தவறே. அது மிகக் கடினமான எஃகு. மின்முலாம் பூசியதாக இருந்தால், ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, இறுக்கிய சில நாட்களில் சட்டென்று முறியும் அபாயம் இருக்கிறது. கம்பெனி எதைக் குறித்திருக்கிறதோ அதையே போடுங்கள்.

மரை இடைவெளியையும் பார்க்க வேண்டும். 12 மில்லிமீட்டர் போல்ட்டில் 1.25, 1.5, 1.75 என்று மூன்று வகை உண்டு. நட் கையால் இரண்டு சுற்று ஏறிப் பிறகு அடம்பிடித்தால் ஸ்பானரை எடுக்காதீர்கள். இடைவெளி வேறாக இருக்கலாம்.

கேம்பரை மாற்றுவதற்கென்றே விற்கும் கேம்பர் போல்ட் வாங்கும்போது அதன் தண்டு துளையைவிட மெலிந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பழைய போல்ட்டின் டார்க் அளவு (எவ்வளவு முறுக்கி இறுக்க வேண்டும் என்ற அளவு) அதற்குப் பொருந்தாது. பெட்டியில் உள்ள தாளில் எந்தத் துளையில் போட வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்று இருக்கும். கூடவே தரும் நாக்கு வாஷரையும் விட்டுவிடக்கூடாது. தாளே இல்லாத பொட்டலம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். துளையை அரத்தால் ராவி நீள்வட்டமாக்குவது, உங்கள் காரின் சர்வீஸ் கையேடு அனுமதித்தால் ஒழிய, செய்யவே கூடாத வேலை.

நைலான் வளையம் வைத்த நட்டை ஒருமுறை கழற்றினால் புதியது போடுங்கள், விலை சொற்பம். டார்க் அளவோடு இத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்று கையேடு சொல்லும் போல்ட்டுகளில் பல ஒரே முறை பயன்பாட்டுக்கானவை. அவற்றைத் திரும்பப் போடலாமா என்று கையேட்டைப் பார்த்துவிட்டே போடுங்கள். மரையில் எண்ணெய் தடவுவது பழக்கமாக இருந்தால் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். கையேட்டின் டார்க் அளவு உலர்ந்த மரைக்கானது என்றால், எண்ணெய் பட்ட மரையில் அதே அளவுக்கு இறுக்கினாலும் போல்ட் அளவுக்கு மீறி நீளும்.

டை ராடில் டோ வைத்தபின், அதை நகராமல் பூட்டும் லாக் நட்டை இறுக்க மறப்பவர்கள் இருக்கிறார்கள். பந்து மூட்டின் நட்டில் உள்ள வெட்டு, நட் கழலாமல் தடுக்கும் கோட்டர் பின் செருகும் துளைக்கு நேராக வராவிட்டால் நட்டைத் தளர்த்தாதீர்கள்; அடுத்த வெட்டு வரும்வரை இறுக்குங்கள். பின்னுக்குப் பதில் ஆணியோ கட்டுக்கம்பியோ செருகவே கூடாது. ரப்பர் புஷ் (உருளை) உள்ள சஸ்பென்ஷன் கை (கண்ட்ரோல் ஆர்ம்) ஒன்றின் போல்ட்டைக் கழற்றியிருந்தால், கார் தன் எடையில் சக்கரத்தின்மேல் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

வண்டியைத் தூக்கிக் கருங்கல்லை முட்டுக்கொடுத்துக் கீழே படுக்கும் வழக்கத்தை அறவே விடுங்கள். எடை குறித்த ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் நட்டின் மேலும் பக்கத்து உலோகத்தின் மேலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள். முதல் ஓட்டத்துக்கு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் வேண்டாம். தெருவுக்குள் மெதுவாக ஓட்டி, குனிந்து கோட்டைப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் அந்த நட் நகர்ந்திருக்கிறது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, புதிய நட்டும் போல்ட்டும் போட்டபிறகே எடுங்கள். கோடு அப்படியே இருந்தால், ஊரில் உள்ள ஏதாவதொரு அலைன்மெண்ட் கடையில் கணினியில் அளந்து, அளவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள்.