சாடி வருபவனை முதலில் நிறுத்துங்கள்: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 புதிதாக ஆடுவோருக்கு

சண்டை கேம் புதிதாகத் தொடங்குபவர் முதல் வாரம் முழுக்க யூடியூபில் காம்போ (ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் அடிகள்) பார்த்து மனப்பாடம் செய்வார். ட்ரெய்னிங் மோடில் அசையாமல் நிற்கும் டம்மிமேல் அது அழகாக விழும். ஆன்லைனில் போனால் எதிரி தலைக்கு மேலே சாடி (குதித்து) வந்து மிதித்துவிட்டுப் போவான், மறுபடி சாடுவான், ரவுண்டு முடிந்துவிடும். காம்போ தொடங்க முதலில் ஓர் அடி விழ வேண்டுமே, அதற்குத்தான் வழியில்லை.

ஆகவே காம்போவைக் கொஞ்சநாள் ஒதுக்கி வையுங்கள். தொடக்க ரேங்குகளில் தோல்விக்குக் காரணம் நாலே நாலு: சாடி வருபவனை அடிக்காதது, பிளாக் செய்தபின் திருப்பி அடிக்காதது, விழுந்து எழும்போது பட்டனை அமுக்குவது, டிரைவ் கேஜை (சிறப்பு அசைவுகளுக்குச் செலவாகும் சக்தி அளவி) காலி செய்வது. இவற்றைக் கை தானாகச் செய்யும்வரை பழகினால் ரேங்க் ஏறும். இங்கே ரியூ என்ற ஆட்டக்காரப் பாத்திரத்தை வைத்துச் சொல்கிறோம். இலவச டெமோவில் ரியூவும் லூக் என்ற இன்னொரு பாத்திரமும் இருக்கிறார்கள், ஆகவே காசு போடுமுன் கையைப் பழக்கிப் பார்க்கலாம்.

கருவி

ஆர்கேட் ஸ்டிக்கோ, குச்சிக்குப் பதில் பட்டன்களே உள்ள லெவர்லெஸ்ஸோ இப்போது வேண்டாம். பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரே போதும். ஆனால் அனலாக் குச்சியை விட்டு டி-பேடில் (நான்கு திசைப் பட்டன்கள்) ஆடுங்கள். குச்சி நடுவிலிருந்து ஓரம்வரை போய்வர நேரமாகும், மூலைத் திசைகளும் சரியாகப் பதியாது. கீபோர்டில் ஆடுபவர்கள் ஒரு சோதனை செய்ய வேண்டும்: இரண்டு திசை விசையும் இரண்டு அடி விசையும் ஒருசேர அமுக்கினால் நான்கும் திரையில் பதிகிறதா? விலை குறைந்த கீபோர்டுகளில் மூன்றாவதோ நான்காவதோ விழாது. அப்போது அடி விசைகளை வேறு வரிசைக்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகும்.

டிவியில் ஆடினால் கேம் மோடைப் போடுங்கள். பிசியில் கேம் செகண்டுக்கு 60 ஃபிரேமுக்கு (திரையில் மாறும் படம்) கீழே இறங்கவே கூடாது. இறங்கினால் படம் திக்குவதோடு நிற்காது, ஆட்டமே மெதுவாகி எதிராளிக்கும் கெடும். நிழல், ரெசல்யூஷன் இரண்டையும் குறைத்தாலே பல லேப்டாப்புகள் தாங்கும்.

கண்ட்ரோல் முறையில் மாடர்ன் எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே பட்டனில் ஸ்பெஷல் (ஃபயர்பால் போன்ற சிறப்பு அடி) வரும், அதற்கு விலையாக அந்த ஸ்பெஷலின் அடி 20 சதவீதம் குறையும். விரல் பழக்கமே இல்லாதவர்களுக்கு மாடர்ன்தான் நல்லது என்பது எங்கள் கணிப்பு. முதல் நாளிலிருந்தே எதிரியைப் பார்த்து ஆடலாம், கையைப் பார்த்து அல்ல.

நெட், கரண்ட், மழை

இந்த கேமில் இருவருடைய மெஷினும் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. ஒரு ஃபிரேம் என்பது 16.67 மில்லிசெகண்ட். பிங் (தகவல் போய்வரும் நேரம், மில்லிசெகண்டில்) 100 என்றால் போய்வர 6 ஃபிரேம். ரோல்பேக் (எதிரியின் அசைவை ஊகித்துக் காட்டி, தவறினால் திருத்தும் முறை) அதை ஓரளவு மறைக்கும், ஆனால் பிங் ஏறி ஏறி இறங்கினால் எதையும் மறைக்க முடியாது. வைஃபையில் நடப்பது அதுதான். மோடம் ஹாலில், கேம் மாடியில் என்றாலும் ஒரு லேன் கேபிளை ஜன்னல் வழியாக இழுத்துவிடுங்கள். எதிராளி கேபிளிலா வைஃபையிலா என்பதும் ஆட்டத்துக்கு முன்பே திரையில் தெரியும், சிக்னல் கோடு எத்தனை என்பதும் தெரியும். குறைந்த கோடு காட்டும் ஆளைத் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஆனி ஆடிச் சாரலில் ரப்பர் மரக்கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் குலசேகரம் பக்கம் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஐப்பசியில் இடி. இடி முழங்கத் தொடங்கினால் கேமை மூடி, பிளக்கையும் மோடத்தில் செருகிய லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். சாதாரணக் கரண்ட் கட்டுக்கு மோடத்துக்கென்று சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆனாலும் உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பார்த்தே வாங்குங்கள். லேப்டாப்பில் ஆடுபவர்கள் கவனிக்க: பேட்டரிக்கு மாறியதும் கிராஃபிக்ஸ் சிப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 60 ஃபிரேம் நிற்காது. கரண்ட் போனபின் ரேங்க் ஆட்டம் தொடங்காதீர்கள். நடுவில் துண்டித்தால் தண்டனையும் உண்டு. ட்ரெய்னிங் மோடுக்கு நெட் வேண்டாம், அந்த நேரத்தை அங்கே செலவழிக்கலாம்.

சாடலை அடிப்பது

முன்னால் சாடி இறங்க ஏறத்தாழ 45 ஃபிரேம் ஆகும், முக்கால் செகண்ட். கண் பார்த்துக் கை அசைய சாதாரண மனிதனுக்குக் கால் செகண்ட் போதும். அப்படியென்றால் ஏன் எல்லாச் சாடலும் நம் தலையில் விழுகிறது? கை வேறு வேலையில் இருக்கிறது. தூரத்தில் நின்று எதையாவது அமுக்கிக்கொண்டே இருந்தால், எதிரி சாடும்போது நம் ஆள் பழைய அடியை முடித்துக்கொண்டிருப்பான்.

ரியூவுக்கு எளிய பதில், குனிந்து ஹெவி பஞ்ச். அது வெளிவரச் சில ஃபிரேம் பிடிக்கும் என்பதால், எதிரி உச்சியில் இருந்து இறங்கத் தொடங்கும்போதே அமுக்க வேண்டும். முகத்துக்கு நேரே வந்தபின் அமுக்கினால் தோற்கும். ஷோர்யூகன் (மேலே எழும் குத்து) இதைவிட நல்ல பதில், ஆனால் கை பழக நாளாகும். எதிரி தலையைத் தாண்டி முதுகுப்பக்கம் இறங்குகிறான் என்றால் குனிந்த பஞ்ச் படாது. அங்கே பேசாமல் திரும்பி பிளாக் செய்யுங்கள்.

பழகும் விதம்: ட்ரெய்னிங் மோடில் டம்மியின் அசைவைப் பதியும் வசதி இருக்கிறது. முதல் பதிவில் டம்மி முன்னால் சாடி ஹெவி கிக் அடிக்கட்டும். இரண்டாவதில் முன்னும் பின்னும் நடக்கட்டும். மூன்றாவதில் ஃபயர்பால் போடட்டும். மூன்றையும் ஒருசேர ஓடவிட்டால் எது வரும் என்று தெரியாமல் மாறி மாறி வரும். சாடலை அடியுங்கள், ஃபயர்பாலை பிளாக் செய்யுங்கள், நடந்தால் நீங்களும் நடங்கள். சாடலை மட்டும் பதிந்து பழகுவது வீண். எப்போதும் சாடுவான் என்று தெரிந்து அடிப்பதற்கும், சாடுவானா என்று தெரியாமல் அடிப்பதற்கும் சம்பந்தமே இல்லை. பத்துச் சாடலில் ஏழை அடிக்க முடிந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

ஹடோகன் (ரியூவின் ஃபயர்பால்) போடப் போய் ஷோர்யூகன் வருகிறது என்பது எல்லோருடைய புகார். ஹடோகன் கீழ், கீழ்-முன், முன், பஞ்ச். ஷோர்யூகன் முன், கீழ், கீழ்-முன், பஞ்ச். முன்னால் நடந்துகொண்டே ஹடோகன் செய்தால், நடந்த அந்த 'முன்'னையும் கேம் சேர்த்துக்கொண்டு ஷோர்யூகன் என்று முடிவு செய்கிறது. நடையை நிறுத்தி, விரலை நடுவுக்கு விட்டு, பிறகு தொடங்குங்கள். திரையின் ஓரத்தில் நீங்கள் அமுக்கியது வரிசையாகத் தெரியும்படி வைக்கலாம். ஸ்பெஷல் வராதபோது அந்த வரிசையைப் படியுங்கள்: கடைசி 'முன்' விழுவதற்குள் பஞ்ச் விழுந்திருக்கும், அல்லது கீழ்-முன் விடுபட்டிருக்கும்.

பிளாக் செய்தபின்

ஒவ்வொரு அடிக்கும் பிளாக் ஆனபின் யார் முதலில் அசையலாம் என்று ஒரு கணக்கு உண்டு. எதிரியின் அடி மைனஸ் 4 என்றால் நீங்கள் அவனைவிட 4 ஃபிரேம் முன்பே விடுபடுகிறீர்கள். பெரும்பாலானோரின் மிக வேகமான லைட் பஞ்ச் 4 ஃபிரேம். எட்டும் தூரத்தில் இருந்தால் அது கட்டாயம் விழும், அவனால் தடுக்க முடியாது. இதே கணக்கு உங்களுக்கும் திரும்பும். உங்கள் அடி பிளாக் ஆகி மைனஸ் 3 ஆக இருக்கும்போது மறுபடி பட்டனை அமுக்கினால் அவனுடைய அடிதான் முதலில் விழும். 'நான் அமுக்கினேன், வரவே இல்லை' என்று கண்ட்ரோலரைத் திட்டுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

எல்லா எண்ணையும் படிக்க வேண்டாம். தினமும் எதிர்ப்படும் இரண்டைப் பிடியுங்கள். ஒன்று, காலை வாரும் குனிந்த ஹெவி கிக். பிளாக் ஆனால் பெரும்பாலும் சுமார் 10 ஃபிரேம் மைனஸ். தூரத்திலிருந்து வருவதால் லைட் பஞ்ச் எட்டாது. ரியூவின் குனிந்த மீடியம் கிக் 8 ஃபிரேம், எட்டும். அது பட்டதுமே ஹடோகனைத் தொடருங்கள். இரண்டாவது, பிளாக் ஆன ஷோர்யூகன். அவன் மேலே போய்க் கீழே வரும்வரை நேரம் தாராளம். அவசரப்பட்டு லைட் பஞ்ச் போட்டு வாய்ப்பைக் கெடுக்காமல், தரையில் கால் படும் நேரத்தில் ஹெவி பஞ்ச் போடுங்கள்.

விழுந்து எழும்போது

எழும் ஒவ்வொரு முறையும் லைட் பஞ்சைப் படபடவென்று அமுக்குவது புதியவர்களின் வழக்கம். எதிரி ஓர் அடியைச் சரியான நேரத்தில் வைத்துக் காத்திருந்தால் அது மட்டுமே விழும். முதலில் குனிந்து பிளாக் மட்டும் செய்யுங்கள். நின்று பிளாக் செய்ய வேண்டிய மேலடிகள் மெதுவானவை, தொடக்க ரேங்கில் அவற்றுக்கு இப்போதைக்குப் பயப்பட வேண்டாம். பிளாக் மட்டுமே செய்கிறீர்கள் என்று தெரிந்ததும் எதிரி த்ரோ (பிளாக் செய்ய முடியாத பிடி) போடுவான். த்ரோ 5 ஃபிரேம். லைட் பஞ்ச், லைட் கிக் இரண்டையும் சேர்த்து அமுக்கினால் விடுபடலாம். ஓவர்டிரைவ் (டிரைவ் கேஜைச் செலவழித்துப் போடும் வலுவான) ஷோர்யூகன் எல்லா அடியையும் தாண்டிப் போகும், ஆனால் பிளாக் ஆனால் எதிரிக்கு விருந்து. ஒரு ரவுண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் அதை நம்பாதீர்கள்.

டிரைவ் கேஜ்

ஆறு கட்டம், ரவுண்டு தொடங்கும்போது முழுதாக இருக்கும். ஓவர்டிரைவ் ஸ்பெஷலுக்கு 2, எதிரி அடியைத் தாங்கிக்கொண்டே பாயும் டிரைவ் இம்பாக்டுக்கு 1, அடியிலிருந்து தாவும் டிரைவ் ரஷுக்கு 3. காலியானால் பர்ன்அவுட்: பிளாக் செய்தாலும் ஸ்பெஷல் உயிரைக் கொஞ்சம் தின்னும், பிளாக்கில் கூடுதலாக 4 ஃபிரேம் மாட்டுவீர்கள், கார்னரில் இம்பாக்ட் விழுந்தால் தலை சுற்றி நின்றுவிடுவீர்கள். இரண்டு கட்டத்துக்குக் கீழே போனால் எதையும் செலவழிக்காமல் நடந்து, அடிக்கு எட்டாத தூரத்தில் நில்லுங்கள்.

எதிரியின் இம்பாக்ட் வெளிவர 26 ஃபிரேம், அரை செகண்டுக்குக் கொஞ்சம் குறைவு. பார்த்துவிட்டு நீங்களும் இம்பாக்ட் போட்டால் பின்னால் போட்டவர்தான் வெல்வார். ஏற்கெனவே சொன்ன பதிவு முறையில் நான்காவதாக இதையும் சேர்த்துப் பழகுங்கள்.

ஆட்டமும் ரீப்ளேயும்

ஓர் இரவுக்கு ஒரே ஒரு வேலை. இன்று சாடலை அடிப்பது என்றால், தோற்றாலும் அதை மட்டுமே எண்ணுங்கள். பத்து நிமிடம் ட்ரெய்னிங், பிறகு ஆட்டம், கடைசியில் தோற்ற ஒரே ஓர் ஆட்டத்தின் ரீப்ளே. அதில் உயிர் குறைந்த இடங்களில் மட்டும் நிறுத்தி, எதனால் குறைந்தது என்று தாளில் ஒரு சொல் எழுதுங்கள்: சாடல், த்ரோ, மைனஸில் அமுக்கியது. எது அதிகமோ அதுதான் நாளைய வேலை. மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றால் எழுந்து ஒரு சாயா குடித்துவிட்டு வாருங்கள். கோபத்தில் எல்லோரும் சாடத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரே அறையில் நான்கு பேர் ஆடுவது ஆன்லைனைவிடச் சீக்கிரம் வளர்க்கும். 2019இல் எவோ ஜப்பான், அமெரிக்காவின் எவோ என்ற சண்டை கேம் போட்டிகள் இரண்டிலும் டெக்கன் கேமில் பட்டம் வென்ற அர்சலான் ஆஷ், லாகூர் ஆர்கேடுகளில் வளர்ந்தவர். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு டிவி, இரண்டு கண்ட்ரோலர், ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். முதலில் ஐந்து வென்றவர் ஜெயிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருந்து பார்ப்பவன் வாயை மூடமாட்டான், அதுவும் நல்லது. 'லே மக்கா, சும்ம கெடந்து சாடாதல, அவன் கீழ இருந்து அடிக்கான் பாரு' என்று அவன் சொல்வது ரீப்ளேயில் நீங்கள் பார்க்கத் தவறுவதுதான்.

இந்த நாலும் ஓரளவு வந்தபின் காம்போவுக்கு வரலாம். மூன்று போதும்: லைட் பஞ்சில் தொடங்கும் ஒன்று, பிளாக் செய்தபின் போட ஹெவி பஞ்சில் தொடங்கும் ஒன்று, சூப்பரில் (தனி கேஜ் நிறைந்தால் போடும் பெரிய அடி) முடியும் ஒன்று. ஒவ்வொன்றையும் திரையின் இடப்பக்கம் நின்று ஐந்து தடவை, வலப்பக்கம் நின்று ஐந்து தடவை தொடர்ந்து தவறாமல் போட வந்த பிறகே ரேங்கில் பயன்படுத்துங்கள்.