விமானப் பயண நேரத்தைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே இணையம் காட்டும் கிலோமீட்டரை விமானத்தின் வழக்கமான வேகமான மணிக்கு 900 கி.மீ.-ஆல் வகுத்து, அதுதான் பயண நேரம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். டில்லி–சான் பிரான்சிஸ்கோவுக்கு அப்படிக் காட்டும் தூரம் சுமார் 12,400 கி.மீ. உருண்டையான பூமியின் மேல் வரைந்த மிகக் குறுகிய வளைகோடு அது. திபெத், சைபீரியா, ஆர்க்டிக் கடல் என்று போகும். விமானம் அதே கோட்டில் பறக்காது. திபெத்துக்கு மேலே கேபின் காற்றழுத்தம் குறைந்தால் உடனே 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும்; அங்கே நிலமே அதைவிட உயரம்.

தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்ற நம்பிக்கை அடுத்த தவறு. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இந்தச் சேவையை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. பழைய வழி சுமார் 13,900 கி.மீ., புதியது சுமார் 15,300. 1,400 கி.மீ. கூடியும் பயணம் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது. முன்பைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சம். வானில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் ஜெட் காற்று, கிழக்கு நோக்கிய பசிபிக் வழியில் விமானத்தைத் தள்ளிவிட்டதுதான் காரணம். 900 என்பது காற்றைப் பொறுத்த வேகம். 100 கி.மீ. வேகத்தில் பின்காற்று அடித்தால் தரைவேகம் 1,000, எதிர்காற்றானால் 800. போக எடுக்கும் நேரமும் திரும்ப எடுக்கும் நேரமும் வேறுபடுவது இதனால்தான். குளிர்காலத்தில் வேறுபாடு இன்னும் கூடும். 2020 பிப்ரவரியில் புயல்காற்றின் உதவியால் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது.

டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களை அப்படியே கழிப்பதுதான் அதிகம் பேரைக் குழப்புவது. ஜனவரி 10 அதிகாலை 4 மணிக்கு டில்லியில் புறப்பட்டு அதே நாள் காலை 6 மணிக்கு சான் பிரான்சிஸ்கோவில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கழித்தால் இரண்டு மணி நேரம்தான்! இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றுங்கள். இந்திய நேரத்தில் ஐந்தரை மணி கழித்தால் 9-ஆம் தேதி இரவு 10.30, சான் பிரான்சிஸ்கோ நேரத்தோடு எட்டு மணி கூட்டினால் 10-ஆம் தேதி பிற்பகல் 2.00. ஆக, பயணம் பதினைந்தரை மணி நேரம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை எட்டுக்குப் பதில் ஏழு கூட்ட வேண்டும்.

அந்தப் பதினைந்தரை மணியும் முழுக்க வானில் கழிவதல்ல. டிக்கெட் நேரம் ஏறும் கேட்டிலிருந்து இறங்கும் கேட் வரை; ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் நிற்பதும் அதற்குள் அடங்கும். மைலிலும் கவனம் தேவை: சாதாரண மைல் 1.609 கி.மீ., விமானிகள் சொல்லும் கடல் மைல் 1.852 கி.மீ.

பழைய பயண நேரத்தையும் நம்ப முடியாது. 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்துகொண்டிருந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரத்தை எட்டியது. உங்கள் விமான எண்ணை ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் தேடி, கடந்த ஒரு வாரத்தில் அது உண்மையில் தரையிறங்கிய நேரங்களைப் பாருங்கள். இணைப்பு விமானம் இருந்தால், அவற்றில் மிகத் தாமதமான நாளை வைத்தே இடைவெளியைக் கணக்கிடுங்கள்.