மூன்று ஆப், ஒரே டேட்டாபேஸ்: ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றுவது எப்படி?

கடையின் பில்லிங் சாஃப்ட்வேர், டெலிவரி ஆப், வலைத்தளம். மூன்றும் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 'கஸ்டமர்' டேபிளைத்தான் படிக்கின்றன, எழுதுகின்றன. அதில் 'போன்' என்ற ஃபீல்டை 'மொபைல்' ஆக்க வேண்டும். ஒரு வரி ஆல்டர் டேபிள்தானே (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) என்று சனிக்கிழமை மதியம் ஓட்டிவிட்டேன். அரை மணி நேரம் ஒரு பில்கூடப் போட முடியவில்லை. அதன் பிறகு நான் பிடித்துக்கொண்ட வழி இது.

1. யார் யார் தொடுகிறார்கள்?

எல்லா ஆப்பும் ஒரே யூசர்நேமில் வந்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆளுக்கொரு லாகின் கொடுத்து, லாக்_கனெக்‌ஷன்ஸை ஆன் செய்து (யார் இணைந்தாலும் பதிவேட்டில் விழும்) ஒரு மாதம் விடுங்கள். ஒரு வாரம் போதாது. எங்களுக்கு நான்காவதாக ஒன்று சிக்கியது: மாதக் கடைசியில் மட்டும் ஓடும் எக்செல் ரிப்போர்ட் ஸ்கிரிப்ட். எழுதியவர் வேலையை விட்டே போய்விட்டார்.

2. டேபிளை மாற்றும் உரிமை ஒரே லாகினுக்கு

மைக்ரேஷன் ஃபைல்கள், அதாவது டேபிளை மாற்றும் கட்டளைகள் உள்ள ஃபைல்கள், எந்த ஆப்பின் கோடோடும் சேராமல் தனி ரெப்போவில் (கோடு சேமிக்கும் இடம்) இருக்கட்டும். ஓஆர்எம் (ஆப்பின் கோடையும் டேபிளையும் இணைக்கும் லைப்ரரி) தானாக எழுதித் தரும் மைக்ரேஷன் இங்கே வேண்டவே வேண்டாம். மூன்று ஆப்பும் டேபிள் தன்னுடையது என்றே நினைத்துக்கொள்ளும். மைக்ரேஷன்களை வரிசையாக ஓட்டும் டூல்களில் எனக்குப் பிடித்தது ஃப்ளைவே. வெறும் எஸ்க்யூஎல் ஃபைல் போதும். ஏற்கெனவே ஓடிய ஃபைலில் யாராவது கை வைத்தால், செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒத்துப்போகவில்லை என்று அடுத்த முறை நின்றுவிடும்.

3. பெயரை மாற்றாதீர்கள், புதிதாகச் சேருங்கள்

'போன்' அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் 'மொபைல்' சேருங்கள். அன்று நான் விழுந்த குழி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

காலி ஃபீல்டைச் சேர்க்கக் கண்ணிமைக்கும் நேரம்தான் ஆகும். ஆனால் ஆல்டர் டேபிளுக்கு அந்த டேபிளின் முழு லாக் (வேறு யாரும் தொட முடியாத பூட்டு) வேண்டும். அந்த நேரத்தில் யாரோ ஒருவரின் நீளமான ரிப்போர்ட் செலக்ட் (டேட்டாவைப் படிக்கும் கட்டளை) ஓடிக்கொண்டிருந்தால், அது முடியும்வரை ஆல்டர் காத்திருக்கும். சரி, காத்திருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், அதற்குப் பின்னால் வரும் சாதாரண செலக்ட் எல்லாமே ஆல்டருக்குப் பின்னால் வரிசையில் நின்றுவிடும். பெயர் மாற்றினாலும் இதே கதைதான். அன்று என் ஆல்டர் இன்னும் ஓடவே இல்லை. ஆனால் கடை நின்றுவிட்டது.

இதற்கு மருந்து ஒரே வரி: ஆல்டருக்கு முன்னால் லாக்_டைம்அவுட்டை 3 விநாடி என்று வையுங்கள். லாக் கிடைக்காவிட்டால் எர்ரர் வரும், வரிசை கலையும். சற்றுப் பொறுத்து மறுபடி ஓட்டுங்கள். நான்கைந்து முறை தோற்றாலும் பரவாயில்லை.

4. இரண்டையும் ஒத்துப்போக வைக்கும் ட்ரிக்கர்

வரி சேரும்போதும் மாறும்போதும் டேட்டாபேஸ் தானாக ஓட்டும் கோடுதான் ட்ரிக்கர். முதலில் நான் எழுதியது: 'மொபைல்' காலியாக இருந்தால் 'போன்' மதிப்பைப் போடு. இன்சர்ட்டுக்கு (புது வரி சேர்ப்பதற்கு) சரியாக வேலை செய்தது. அப்புறம் பில்லிங்கில் ஒரு வாடிக்கையாளரின் எண்ணைத் திருத்தினார்கள். 'மொபைல்' காலியில்லை என்பதால் அதில் பழைய எண்ணே தங்கிவிட்டது. டெலிவரி பையன் அந்த எண்ணுக்கே அழைத்துக்கொண்டிருந்தான். அப்டேட்டின்போது பழைய வரியையும் புதிய வரியையும் ஒப்பிட்டு, எந்த ஃபீல்டு மாறியதோ அதை மற்றதில் போட வேண்டும்.

பழைய வரிகளை 5,000 5,000 ஆக நகலெடுங்கள். மொத்தத்தையும் ஒரே அப்டேட்டில் ஓட்டினால், அது முடியும்வரை அந்த வரிகளை வேறு யாரும் திருத்த முடியாது.

5. ஆப்களை ஒவ்வொன்றாக 'மொபைல்' ஃபீல்டுக்கு மாற்றுங்கள்

அவசரமே இல்லை. எங்களுக்கு ஆறு வாரம் ஆனது.

6. பழைய ஃபீல்டை உடனே டிராப் செய்யாதீர்கள் (அழிக்காதீர்கள்)

ட்ரிக்கரை எடுத்துவிட்டு, பழைய ஃபீல்டை 'போன்_பழசு' என்று மாற்றி, ஒரு மாதக் கடைசி தாண்டும்வரை வையுங்கள். யாராவது அலறினால் பெயரைத் திருப்பி, விட்டுப்போன எண்களை நகலெடுத்து, ட்ரிக்கரை மறுபடி போட்டுவிடலாம்.

பிற்சேர்க்கை: 6-ஆவது படியில் இன்சர்ட் எல்லாம் தோற்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். 'போன்' ஃபீல்டில் 'நாட் நல்' (காலியாக விடக் கூடாது) என்ற கட்டுப்பாடு இருந்திருக்கும். ட்ரிக்கரை எடுக்கும் முன் அந்தக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். நான் எழுத மறந்துவிட்டேன்.

இன்னொன்று: மைஎஸ்க்யூஎல்காரர்களுக்கும் இதே வரிசைச் சிக்கல் உண்டு. அங்கே லாக்_வெயிட்_டைம்அவுட்டைப் பாருங்கள். நீங்கள் மாற்றாவிட்டால் அது 3,15,36,000 விநாடி, அதாவது ஒரு வருடம்.